அடையாள அட்டை: அச்சியந்திரமும் அதன் பின்னாலுள்ள வரலாறும்

வீட்டை விட்டுப் புறப்படும்போது மறக்கக்கூடாத பொருள் எது என்று இலங்கைத் தமிழர் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். பணப்பையை அல்ல, அடையாள அட்டையையே முதலிற் சொல்வார். புலம்பெயர்ந்து இருபது, முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் லண்டனிலோ ரொறன்ரோவிலோ தெருவில் இறங்குமுன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை என்று கூறும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டு அட்டை ஒரு தலைமுறையின் கைகளுக்கு அத்தகைய பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

அந்த அட்டை எவ்வாறு உருவாகிறது, அதை அச்சிடும் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் சிந்தித்ததில்லை. அச்சுத் தொழிலோடு ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில், அந்தச் சிறிய இயந்திரத்தின் மீது எனக்கு நீண்டகால ஈடுபாடு உண்டு. அதன் வரலாற்றைத் தேடிப் போனால், அது ஒரு தொழில்நுட்ப வரலாறு மாத்திரமன்று, அரசுகள் மனிதரை எண்ணியும் பிரித்தும் நிறுத்தியும் வைத்த வரலாறுமாகும் என்பது தெரியவரும்.

காகிதத்தின் காலம்

அடையாள அட்டை பிளாஸ்டிக்கில் பிறந்ததன்று. காகிதம், மை, பசை, முத்திரை ஆகிய நான்குமே அதன் ஆரம்பகால மூலப்பொருட்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டெம்பரில் பிரித்தானியா தன் குடிமக்கள் அனைவரையும் பதிவு செய்து அட்டை வழங்கியது. போர் முடிந்த பின்னரும் அந்த அட்டை முடிவுக்கு வரவில்லை. 1950 டிசெம்பரில் கிளாரன்ஸ் வில்கொக் என்பவரின் மோட்டார் வண்டியை மறித்த பொலிஸ்காரர் அட்டையைக் கேட்டபோது, அவர் காட்ட மறுத்தார். வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றது. 1951 இல் பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு, சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது என்று ஒப்புக்கொண்டு வில்கொக்கைக் குற்றவாளியாகவே கண்டார். ஆயினும், போர்க்காலத் தேவைக்காக இயற்றப்பட்ட சட்டத்தை அது முடிந்த பின்னர் சாதாரண பொலிஸ் கடமைக்குப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தார். தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. மறு ஆண்டு, 1952 பெப்ரவரியில், பிரித்தானியாவில் அட்டை முறை கைவிடப்பட்டது.

ஒரு தேவைக்காக உருவான அட்டை வேறொரு தேவைக்குக் கைமாறும் என்ற உண்மையை அந்த நீதிபதி அன்றே கண்டுகொண்டார். ஆனால், அந்த உண்மையின் கோர முகத்தை வட கடலின் மறுகரையிலிருந்த நெதர்லாந்து அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே கண்டுவிட்டது.

குறையில்லாத ஓர் அட்டை

நெதர்லாந்தின் குடிப்பதிவுத் துறையின் தலைமையில் யாக்கோப் லென்ட்ஸ் என்ற அதிகாரி இருந்தார். தன் தொழிலில் அளவிறந்த பற்றுடையவர். நாட்டு மக்கள் அனைவருக்கும் போலி செய்ய இயலாத அட்டை வழங்கவேண்டும் என்பது அவருடைய கனவு. போருக்கு முன்னர் டச்சு அரசு அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு குடிமகனையும் குற்றவாளியாக எண்ணுவது போலாகும் என்பதே காரணம். 1940 மே மாதத்தில் ஜேர்மன் படைகள் நாட்டைக் கைப்பற்றின. லென்ட்ஸின் திட்டத்துக்குப் புதிய எசமானர்கள் கிடைத்தனர். 1941 இல் அட்டை வழங்கப்படலாயிற்று.

நீர்க்குறியிட்ட காகிதம், தனி வகை மை, நிழற்படம், விரல் அடையாளம் என்பவற்றோடு கூடிய அந்த அட்டை ஜேர்மனியரின் சொந்த அட்டையையும் விடச் சிறந்தது எனப்பட்டது. யூதரின் அட்டையில் மாத்திரம் 'ஜே' என்ற எழுத்துப் பெரிதாக முத்திரையிடப்பட்டது. ஒவ்வொரு அட்டைக்கும் ஈடான பிரதி பதிவேட்டில் இருந்ததால், அட்டையில் செய்யும் போலியைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம்.

எனவே பதிவேட்டையே எரித்துவிட வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு முடிவு செய்தது. ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொன்டியஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன் ஆகியோர் முன்னின்றனர். 1943 மார்ச் 27 ஆம் திகதி இரவு பொலிஸ் சீருடை அணிந்து பதிவகத்துள் நுழைந்து தீ வைத்தனர். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதித்ததுடன், தேவைக்கு மேலாகத் தண்ணீரையும் பாய்ச்சினர். அவ்வளவும் செய்தும் அழிந்தவை ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பதிவுகளே. குழுவினர் காட்டிக் கொடுக்கப்பட்டனர். அரொன்டியஸ் உட்படப் பன்னிருவர் 1943 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 140,000 யூதரில் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதாவது நான்கில் மூன்று பங்கினர். பிரான்சில் இவ்விகிதம் நான்கில் ஒன்று. இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றாசிரியர் பல காரணங்களைக் காட்டுவர். குறையில்லாத பதிவேடும் குறையில்லாத அட்டையும் அவற்றுள் முக்கியமானவை.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கே சாயத் தொழில் பழகிய அடொல்போ கமின்ஸ்கி என்ற இளைஞர், அழிக்க முடியாதது எனப்பட்ட நீல மையைப் பால்வழிக் கிடைக்கும் லக்ரிக் அமிலத்தால் அழிக்கலாம் என்பதை அறிந்திருந்தார். அட்டைகளில் பெயர்களை மாற்றி எழுதி ஆயிரக்கணக்கானோரை, குறிப்பாகச் சிறுவர்களைக் காப்பாற்றினார். 2023 ஜனவரியில் பாரிசில் காலமானார். மையில் இருந்த குறையொன்று மனித உயிர்களுக்கு வாயிலானது. அச்சுத் தொழிலில் குறை என்று நாம் சொல்வது எப்போதும் குறையாகவே இருப்பதில்லை.

போலரொயிட்டும் தென்னாபிரிக்காவும்

போருக்குப் பின்னர் அட்டை செய்யும் தொழில் வேறு திசையில் வளர்ந்தது. எடுத்த சில நிமிடங்களில் கையில் கிடைக்கும் நிழற்படத்தை அமெரிக்காவின் போலரொயிட் நிறுவனம் 1948 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1960 களில் அதே நுட்பத்தைக் கொண்டு அடையாள அட்டை செய்யும் கருவித் தொகுதியொன்றையும் விற்றது. கமரா, விபரங்களை எழுதிய தாள், படத்தையும் தாளையும் சேர்த்து மூடும் பிளாஸ்டிக் உறை எல்லாம் ஒரே மேசையில் அடங்கின. இன்றைய அட்டை அச்சியந்திரத்தின் நேரடி முன்னோடி அதுவே எனலாம். ஆளை முன்னால் நிறுத்தி, அவர் போகுமுன் அட்டையைக் கையில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

தென்னாபிரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாக வகுத்தது. 1952 ஆம் ஆண்டின் சட்டம் கறுப்பின ஆண்கள் அனைவரும் 'பாஸ்' புத்தகத்தை எந்நேரமும் வைத்திருக்கவேண்டும் என்றது. பின்னர் அது பெண்களுக்கும் விரிந்தது. 1960 மார்ச் 21 ஆம் திகதி ஷார்ப்வில்லில் பாஸ் சட்டங்களை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் இறந்தனர் என்பது அதிகாரபூர்வ எண்ணிக்கை.

1970 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள போலரொயிட் நிறுவனத்தில் பணிபுரிந்த இரசாயனவியலாளர் கரொலைன் ஹன்ரரும் நிழற்படக் கலைஞர் கென் வில்லியம்சும் அலுவலகத்தில் ஒரு மாதிரி அட்டையைக் கண்டனர். தென்னாபிரிக்கச் சுரங்கத் திணைக்களத்தின் பெயர் அதில் இருந்தது. தாம் உழைக்கும் நிறுவனத்தின் கருவி எங்கே போகிறது என்பதை அவர்கள் அப்போதுதான் அறிந்தனர். இருவரும் கறுப்பினத்தவர். நிறுவனத்துக்குள்ளேயே ஓர் இயக்கத்தைத் தொடங்கித் துண்டுப் பிரசுரம் ஒட்டினர். 1971 இல் ஹன்ரர் வேலை நீக்கப்பட்டார்.

நிறுவனம் அவ்வாண்டில் தென்னாபிரிக்க அரசுக்கு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால், அங்கிருந்த விநியோகஸ்தர் இரகசியமாக அரசுக்கு விற்றுவந்தமை 1977 இல் அம்பலமானது. அவ்வாண்டு நவம்பரில் போலரொயிட் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியேறியது. பாஸ் சட்டங்கள் நீக்கப்பட்டது 1986 இல். கருவியைச் செய்பவர் அதன் பயனுக்குப் பொறுப்பாளரா என்ற கேள்வியை அந்த இரண்டு ஊழியர்களும் தம் தொழிலைப் பணயம் வைத்துக் கேட்டனர். இன்றும் தொழில்நுட்ப நிறுவனங்களின் வாயிலில் அதே கேள்விதான் நிற்கிறது.

இயந்திரம் இயங்கும் விதம்

இனி இன்றைய இயந்திரத்துக்கு வருவோம். அட்டையின் அளவு உலகமெங்கும் ஒன்றுதான்: 85.60 மில்லிமீற்றர் நீளம், 53.98 மில்லிமீற்றர் அகலம், 0.76 மில்லிமீற்றர் தடிப்பு. வங்கி அட்டையும் அடையாள அட்டையும் ஒரே பணப்பைக்குள் நுழைவது இதனால்தான். இந்த வடிவத்தை உலகுக்குப் பழக்கியது கடன் அட்டைத் தொழில். 1950 இல் தொடங்கிய டைனர்ஸ் கிளப்பின் அட்டை காகிதத் தடிமட்டையால் ஆனது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1959 இல் பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டுவந்தது.

நான் பணிபுரிந்த பத்திரிகை அலுவலகமொன்றுக்கு, ஊழியர் அட்டைகளைச் செய்வதற்காக, பாண் பெட்டி அளவிலான ஓர் அச்சியந்திரம் வாங்கப்பட்டது. ஈய எழுத்துக் கோர்த்த காலத்தையும் ஒப்செற் இயந்திரங்களின் இரைச்சலையும் அறிந்த எனக்கு அது விளையாட்டுப் பொருள் போலவே தோன்றியது. மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும்வரைதான் அந்த எண்ணம் நிலைத்தது.

அதற்குள் மை இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவொன்று இரண்டு உருளைகளுக்கிடையே சுற்றப்பட்டிருக்கிறது. அந்த றிபனில் மஞ்சள், செந்நீலம், நீலம், கறுப்பு, நிறமற்ற காப்புப் படலம் என ஐந்து பட்டைகள் வரிசையாக அமைந்து, மீண்டும் மீண்டும் தொடர்கின்றன. ஓர் அட்டைக்கு ஒரு தொகுதிப் பட்டைகள். வெற்று அட்டை உள்ளே இழுக்கப்பட்டதும் முதலில் ஒட்டும் தன்மையுள்ள உருளையொன்று அதன் மேலுள்ள தூசியைத் துடைக்கிறது. ஒரு தூசித் துணிக்கை இருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும்.

அடுத்து அட்டை வெப்பத் தலையின் கீழ்ச் செல்கிறது. இயந்திரத்தின் இதயம் இதுதான். அட்டையின் அகலம் முழுவதற்கும் ஒரே வரிசையில், அங்குலத்துக்கு முந்நூறு வீதம், அறுநூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய வெப்பப் புள்ளிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு புள்ளியையும் வேண்டிய அளவுக்குச் சூடாக்கலாம். றிபனின் மஞ்சள் பட்டை வெப்பத் தலைக்கும் அட்டைக்கும் இடையில் நிற்க, சூடு பட்ட இடத்திலுள்ள சாயம் றிபனைவிட்டு அட்டையின் பீ.வீ.சீ. மேற்பரப்புக்குள் ஊடுருவுகிறது. சூடு கூடினால் சாயம் கூடும், குறைந்தால் குறையும். ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் மஞ்சள் முடிந்ததும், அட்டை பின்னோக்கி இழுக்கப்பட்டுச் செந்நீலத்துக்காக மீண்டும் புறப்படுகிறது. பின்னர் நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் பிறக்கின்றன.

பத்திரிகையில் அச்சாகும் படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் புள்ளிகள் தெரியும். இந்த அட்டையில் அவை தெரிவதில்லை. சாயம் மேலே ஒட்டிக்கொள்ளாமல் பிளாஸ்டிக்கோடு கலந்துவிடுவதே காரணம். இம்முறையைத் தொழிலில் 'பதங்கமாதல்' என்ற பெயரால் வழங்கினாலும், உண்மையில் நடப்பது பரவலே என்று விளக்குவர். துணியில் சாயம் ஏற்றும் கலையிலிருந்து வந்த நுட்பம் இது. 1980 களில் சோனி போன்ற நிறுவனங்கள் அதை நிழற்படம் அச்சிடப் பயன்படுத்தின. பின்னர் அட்டைக்கு வந்தது.

பெயரும் இலக்கமும் கறுப்புப் பட்டையால் அச்சாகின்றன. இது சாயமன்று, பிசின். சூட்டினால் உருகி அப்படியே அட்டையில் படிகிறது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருப்பதற்கும், பார்கோட்டை வாசிக்கும் கருவி தடுமாறாதிருப்பதற்கும் இது தேவை. இறுதியில் காப்புப் படலம் மூடுகிறது. அது இல்லாவிடில் வெயிலிலும் வியர்வையிலும் படம் விரைவில் மங்கும். சில்லுப் பதித்த அட்டைகளின் மேற்பரப்பு முற்றிலும் சமமாக இராது. அவற்றுக்கு, முதலில் ஒரு மெல்லிய படலத்தில் படத்தைத் தலைகீழாக அச்சிட்டு, பின்னர் அதைச் சூட்டினால் அட்டையில் ஒட்டும் இரண்டாம் வகை இயந்திரங்கள் உள்ளன.

கடவுச்சீட்டின் விபரப் பக்கம் போன்ற உயர்ந்த பாதுகாப்பு வேண்டிய இடங்களில் மூன்றாவது முறையொன்று கையாளப்படுகிறது. பொலிகாபனேற்று என்னும் உறுதியான பிளாஸ்டிக்கின் பல அடுக்குகள் பசையின்றிச் சூட்டினாலும் அழுத்தத்தினாலும் ஒன்றாக்கப்படுகின்றன. லேசர் கதிர் மேலடுக்கைத் தாண்டி உள்ளடுக்கைக் கருக்குகிறது. படமும் எழுத்தும் அட்டையின் வயிற்றுக்குள் கரியாக உருவாகின்றன. உறையைக் கிழித்துப் படத்தை மாற்றுவது போன்ற பழைய வித்தைகள் இங்கே பலிக்கா. கமின்ஸ்கியின் லக்ரிக் அமிலத்துக்கும் இங்கே வேலையில்லை.

ஒரு செய்தியை மாத்திரம் தனியாகச் சொல்லவேண்டும். பயன்படுத்திய றிபனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அன்று அட்டை பெற்ற ஒவ்வொருவரின் முகமும் நிறம் மாறிய நிழலாக அதில் இருந்தது. கறுப்புப் பட்டையில் பெயரும் இலக்கமும் வெற்றிடமாகத் தெளிவாகத் தெரிந்தன. எழுத்து அட்டைக்குப் போய்விட, எழுத்தின் வடிவம் றிபனில் தங்கிவிட்டது. குப்பைக் கூடையில் எறியப்படும் ஒரு றிபனில் பல நூறு மனிதரின் விபரங்கள் இருக்கும். அதை நறுக்கி அழிக்கவேண்டும் என்று விதிகள் கூறுவது இதனால்தான். அட்டை உரியவரிடம் போன பின்னரும் அதை வழங்கியவரிடம் அதன் நிழல் எஞ்சியிருக்கிறது. பிரச்சினை தொடங்குவதும் அந்த நிழலிலிருந்துதான்.

நமது அட்டை

இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகிறது. கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டிய காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு மூடிய அந்தப் பழைய அட்டையை நம்மவர் பலர் இன்றும் பெட்டிக்குள் வைத்திருக்கின்றனர்.

அதன் இலக்கமே ஒரு சுருக்க வரலாறு. பழைய முறையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்வதால், மார்ச் முதலாம் திகதி எந்த ஆண்டிலும் 61 தான். பெண்ணாயின் அதனோடு 500 ஐக் கூட்டுவர். எனவே மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு அது 561. இறுதியில் வரும் 'வீ' என்ற எழுத்து வாக்காளரைக் குறிக்கும் என்பது பொதுவான விளக்கம். 2016 முதல் ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதும் பன்னிரண்டு இலக்க முறை நடைமுறைக்கு வந்தது. இலக்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரின் வயதையும் பாலையும் சொல்லிவிடலாம்.

ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சியாளர் 1930 களில் அறிமுகப்படுத்திய அட்டையில் ஹூட்டு, டுட்சி, ட்வா என இனத்துக்கென்றே ஒரு வரி இருந்தது. சுதந்திரத்தின் பின்னரும் அது நீக்கப்படவில்லை. 1994 ஏப்ரலில் வீதித் தடைகளில் அந்த ஒரு வரியைப் பார்த்தே கொன்றனர். ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் வரை மாண்டனர். இனப்படுகொலைக்குப் பின்னர் புதிய அட்டையிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது.

இலங்கை அட்டையில் இனம் என்ற வரி என்றைக்கும் இருந்ததில்லை. இதை நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும், வரி இல்லாததால் செய்தியும் இல்லை என்றாகாது. பெயர் இருந்தது. பிறந்த இடம் இருந்தது. முகவரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மொழி இருந்தது. நீண்ட காலமாக வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருக்க, ஏனைய மாகாணங்களில் சிங்களம் மாத்திரமே இருந்தது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் ஆட்சிமொழியாக்கிய பின்னரும் இந்நிலை தொடர்ந்தது. கொழும்பிலோ கண்டியிலோ மலையகத்திலோ பிறந்த தமிழர் தம் பெயரைத் தம் அட்டையில் வாசிக்க முடியாதிருந்தார். வடக்கில் பிறந்தவருக்கோ, தன் மொழியில் பெயர் இருந்ததே சோதனைச் சாவடியில் ஒரு குறியாயிற்று. படத்தையும் பெயரையும் பார்க்குமுன்னரே, தமிழ் எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் அட்டை எங்கிருந்து வந்தது என்பது சாவடியில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். 2014 முதல்தான் நாடு முழுவதிலும் அட்டைகள் இரு மொழிகளிலும் வழங்கப்படலாயின.

முகவரி என்ற வரி என்ன செய்யும் என்பதை 2007 ஜூன் 7 ஆம் திகதி கண்டோம். அன்று அதிகாலை கொழும்பிலுள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்காக வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். அட்டை அவர்களிடம் இருந்தது. அது போலியன்று, அரசே வழங்கியது. இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது பத்திரிகையாளனுக்கு அழகன்று. விடுதலைப் புலிகளும் தம் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியேற 'பாஸ்' பெறவேண்டும் என்ற முறையை நடத்தினர். பாஸ் கிடைக்காதவர் வெளியேற முடியாது. கிடைப்பதற்குப் பலர் உறவினரைப் பிணையாக நிறுத்த வேண்டியிருந்தது. ஒரே மனிதர் ஒரே பயணத்தில் இரண்டு காகிதங்களை இரண்டு தரப்பினரிடம் காட்டி நடந்த காலம் அது. ஒரு தரப்பிடம் காட்டவேண்டியதை மறு தரப்பின் கண்ணிற் படாமல் வைத்திருக்கவேண்டும் என்பதைச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

அட்டை இருந்தவரின் துயர் இவ்வாறாயின், இல்லாதவரின் துயர் வேறு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களுக்கு, குடிமகனுக்கு மாத்திரம் வழங்கப்படும் அட்டை எட்டாக் கனியாக இருந்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அதன் பின்னரும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் அட்டை பெற முடியாத தோட்டத் தொழிலாளர் பலர். ஏனைய இடங்களில் கிராம அலுவலர் உறுதிப்படுத்தும் விண்ணப்பத்தைத் தோட்டங்களில் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தும் வழக்கமும் இருந்தது. ஒருவர் இன்னார்தான் என்பதைச் சொல்லவேண்டியவர் அவருக்குக் கூலி கொடுப்பவர்! அட்டையின்றி வாக்கில்லை, வங்கிக் கணக்கில்லை, பரீட்சை மண்டபத்துள் நுழைவுமில்லை. ஆதலால் அட்டையே வேண்டாம் என்று நம்மால் சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள்.

2009 இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டனர். வீட்டையும் உறவையும் இழந்த அவர்களுள் பலர் அட்டையையும் இழந்திருந்தனர். நான் இன்னார் என்று நிறுவுவதற்கு எதுவுமில்லாத நிலை. பின்னர் நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டுப் புதிய அட்டைகள் வழங்கப்பட்டன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அந்தத் தாய்மாரின் கைகளில் நான் கண்ட படங்களுட் பல, அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெருப்பித்தவை. நேரே பார்த்தபடி, சிரிப்பின்றி, காதுகள் இரண்டும் தெரியும்படி எடுக்கப்பட்ட படங்கள். அரசின் விதிக்கிணங்க எடுத்த அந்தப் படத்தையே ஏந்தி, அரசிடம் பிள்ளையைக் கேட்டனர். அட்டையின் மறுபாதியான பதிவேடு எங்கோ ஒரு திணைக்களத்தில் இன்றும் இருக்கிறது. அட்டைக்குரியவர் எங்கே என்பதற்குத்தான் விடையில்லை.

வரிகளைத் தீர்மானிப்பவர்

2017 ஒக்டோபரில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் விபரங்களைக் கொண்ட, பார்கோட்டுடன் கூடிய புதிய அட்டை இலங்கையில் அறிமுகமானது. 2022 மார்ச்சில் டிஜிற்றல் அடையாளத் திட்டமொன்றுக்காக இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. விரல் ரேகை, கண் ஆகியவற்றின் பதிவுகளைக் கொண்ட அமைப்பு அது. அதே ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது.

முன்னேற்றத்தை நான் எதிர்ப்பவனல்லன். வரிசையில் ஒரு நாள் முழுவதும் நின்று வேலை முடியாமல் திரும்பும் ஏழைக்கு, நல்ல அட்டையும் விரைவான சேவையும் பெரும் உதவியே. ஆனால் நெதர்லாந்தின் பாடத்தை மறக்கலாகாது. லென்ட்ஸ் ஒரு கொலைகாரரல்லர். தன் தொழிலைத் திறமையாகச் செய்ய விரும்பிய அதிகாரி. தான் கட்டிய பதிவேடு நாளை எவர் கைக்குப் போகும் என்று அவர் கேட்கவில்லை. போலரொயிட் ஊழியர் இருவரும் கேட்டனர். வேறுபாடு அவ்வளவுதான்.

வெப்பத் தலைக்கு மொழி தெரியாது. அறுநூறு புள்ளிகளுள் எதைச் சூடாக்கவேண்டும் என்று சொல்கிறார்களோ அதைச் சூடாக்கும். பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் தமிழில் எழுதும், எழுத வேண்டாமென்றால் விட்டுவிடும். 1972 இலிருந்து 2014 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் கொழும்புத் தமிழரின் பெயர் அவருடைய மொழியில் எழுதப்படாமல் இருந்ததற்கு எந்த இயந்திரமும் காரணமன்று. எந்த வரி வேண்டும், எந்த வரி வேண்டாம், அந்த வரியை வாசிக்கும் உரிமை யாருக்கு, வாசித்ததைப் பதிவு செய்துவைக்கும் உரிமை யாருக்கு என்பவை அச்சகத்தில் தீர்மானிக்கப்படுபவையல்ல, பாராளுமன்றத்தில் தீர்மானிக்கப்படுபவை. புதிய டிஜிற்றல் அடையாளம் பற்றிய விவாதத்தில் நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதாம். அட்டை கைக்கு வந்த பின்னர் அவற்றைக் கேட்பதில் பயனில்லை.